அடி அண்ணாமலையில் பனிமூட்டம்

உலகத் திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அதைப் பாரிஸ், ரோம், திருவண்ணாமலை என்று மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வதே முறை. முதல் இரண்டைப் பற்றி ஏராளமானவர்கள் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுதும் தகுதி படைத்தவர்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் வேலூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்னொருவர் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஆகவே அந்த வரலாற்றுக் கடமை, அருணைத் திரைப்பட ரசனைக் கழகத்தின் செயலாளராக இருந்த என் தலையில் விழுந்திருக்கிறது.

எழுபதுகளின் பின்பாதி வரை எங்கள் ஊர் மக்கள் சினிமாவைப் 'பார்த்து' வந்தார்கள். படம் முடிந்ததும் நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் பரோட்டா தின்று வீடு திரும்பினார்கள். இந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டியவர் சகாதேவன். வங்கி அதிகாரி. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். வரும்போதே ஒரு தாடியும், ஒரு ஜோல்னாப் பையும், அங்கே எங்கோ நடந்த திரைப்பட ரசனை முகாமில் உட்கார்ந்திருந்த அனுபவமும் கொண்டுவந்தார். 'படம் பார்த்தேன்' என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. 'ஒரு படத்தை எதிர்கொண்டேன்' என்பார். அவர் முகத்தைப் பார்த்தால், படமும் அவரைச் சிரமப்பட்டுத்தான் எதிர்கொண்டிருக்கும் என்று தோன்றும்.

அவர் தலைவரானார். நான் செயலாளரானேன். சன்னதித் தெருவுக்குப் பின்னால் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த தருமன், வெளிச்சம் இருட்டு பற்றி அறிந்தவர் என்ற முறையில், தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பேற்றார்.

திரைப்பட வகைகளைத் தலைவர் எங்களுக்கு அறிவியல்பூர்வமாக விளக்கினார். சண்டைப் படம், கண்ணீர்ப் படம், சாமிப் படம், பேய்ப் படம், சிரிப்புப் படம் ஆகிய எல்லாம் தாழ்ந்த வகை. உயர்ந்த வகை ஒன்றே ஒன்றுதான். அதில் எதுவும் நடக்காது. ஒருவன் கதவைத் திறந்தால் திறந்துகொண்டேயிருப்பான். அவன் உள்ளே போய்விட்டால் அது வணிகப் படம்.

இந்த உயர்ந்த வகையைக் காண்பதற்குச் சில ஒழுங்குகள் வகுக்கப்பட்டன. படம் ஓடும்போது சிரிக்கக் கூடாது. அழவே கூடாது. மோவாயைத் தடவலாம். முறுக்கு கொண்டுவரலாம், ஆனால் சத்தம் வராதபடி வாயில் ஊறவைத்துத் தின்ன வேண்டும். இந்த ஒழுங்கை மீறி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் ஒரு சண்டைப் படத்துக்கு விசிலடித்ததாக எங்கள் பொருளாளர் அப்பாதுரைமீது விசாரணை நடந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்தால் கதாநாயகன் கீழ்க்கோணத்தில் தெரிவான், அந்தக் கோணத்தின் பாதிப்பைச் சோதிக்கவே தரை டிக்கெட் வாங்கியதாக அவர் விளக்கம் தந்தார். விளக்கம் ஏற்கப்பட்டது. அவர் விசிலடித்ததை நேரில் கண்டவர் தலைவர். தலைவர் அங்கே எப்படிப் போனார் என்பது விசாரணை வரம்புக்கு அப்பாற்பட்டது.

ஐரோப்பிய நாடு ஒன்றின் தூதரகம் ஒருமுறை எங்களுக்குப் படம் அனுப்பியது. சத்திரத்துக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். ஒரு பசு வந்தது. வெகுநேரம் நின்றது. ஒரு மனிதர் வந்து அதன் மடியில் குழாய்களைப் பொருத்தினார். பிறகு இன்னொரு பசு வந்தது. வசனம் எங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது பெரிய பலம். இயந்திரம் தாய்மையை உறிஞ்சும் அவலத்தைத் தலைவர் உடைந்த குரலில் விளக்கினார். பசுவின் இரண்டு காதும் ஃபிரேமுக்குள் விழுந்திருப்பதைத் தருமன் பாராட்டினார். பாஸ்போர்ட் போட்டோ எடுத்து எடுத்து அவருக்குக் காதுதான் அளவுகோல். மறுவாரம் தூதரகம் வருத்தம் தெரிவித்தது. அது பால் கறக்கும் இயந்திரத்துக்கான விளம்பரமாம், பெட்டி மாறிவிட்டதாம். நாங்கள் சற்று அதிர்ந்தோம். தலைவர் அதிரவில்லை. எடுத்தவனுக்கே தெரியாமல் நிகழ்வதுதான் உண்மையான கலை என்று அவர் அறிவித்த பிறகு, தூதரகத்தின் அறியாமையை மன்னித்தோம்.

பிறரது கலையை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் கழகத்துக்கு இருந்திருக்கலாம். ஆனால் கேமரா வந்துவிட்டது. உலகத்தைத் துறப்பதற்காக எங்கள் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், துறப்பதைத் தம் சிறிய மூவி கேமராவிலிருந்து ஆரம்பித்தார். மிச்சமிருந்த சில ஃபிலிம் சுருள்களையும் சேர்த்துத் துறந்தார். அவற்றைச் சகாதேவன் துளியும் பற்றில்லாமல் பெற்றுக்கொண்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். கேமரா சத்தத்தைப் பதிவு செய்யாது. அதனால் எங்கள் படம் மௌனப் படம் என்று முடிவாயிற்று. மக்களின் உண்மையான துயரத்தை அது சொல்லும் என்றும், அதன் பெயர் 'பாழ்வெளி – முதல் பாகம்' என்றும் முடிவாயிற்று.

துயரத்தைத் தேடி, மலைசுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போனோம். பஸ் வசதி இருந்தது. முதல் நாளே ஒரு பெரும் இடர் எதிர்ப்பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை ஃபிரேமுக்குள் வந்து நின்றது. மலை தெரிந்தால் அது சாமிப் படமாகிவிடும் என்று தலைவர் கவலைப்பட்டார். கேமராவோடு வயல்வரப்பெல்லாம் சுற்றிக் கடைசியில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க ஓர் இடம் கிடைத்தது. அது பரசுராமன் என்ற விவசாயியின் களத்துமேடு. ஓரத்தில் மாட்டுக் கொட்டகை, அதில் ஒரு ஜோடி வெள்ளை மாடுகள், பக்கத்தில் கோடை முழுதும் அவற்றுக்கு வரவேண்டிய வைக்கோற்போர், அப்பால் கிணறு. பரசுராமன் எப்போதும் வயலிலேயே இருப்பவர். களத்துமேட்டை ஆண்டது அவர் மனைவி மணியம்மாள்.

சினிமா எடுக்க வந்திருக்கிறோம் என்றதும் மணியம்மாள் முகம் மலர்ந்தது. அந்த வட்டாரத்தில் எந்த டூரிங் டாக்கீஸில் படம் மாற்றினாலும் வண்டி கட்டிக்கொண்டு போய், நன்றாக அழுதுவிட்டு வருபவர் அவர். எங்கள் படத்தில் பாட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். சண்டை? இல்லை. கல்யாணம்? அதுவும் இல்லை.

"அப்ப படத்துல என்னாதாங்க இருக்குது?"

"வெறுமை இருக்கும்மா" என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

மணியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெறும் வயித்தோடயா வந்தீங்க? மொதல்லயே சொல்றதில்லியா?" என்று உள்ளே போய்க் களியும் கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து படப்பிடிப்பு நாட்களில் எங்கள் வெறுமையை அவர் தவறாமல் நிரப்பினார். கலைஞர்களுக்குப் பசி ஜாஸ்தி.

அவரையே கதாநாயகியாக்குவது என்று தலைவர் தீர்மானித்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது, கல்யாணப் பட்டுப் புடவை, முகத்தில் பவுடர், தலை கொள்ளாத கனகாம்பரம் என்று அவர் தயாராக நின்றார். துயரத்துக்கு இது ஒத்துவராது என்று தலைவர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். கிழிந்த புடவை வேண்டும் என்றார். அந்த வீட்டில் கிழிந்த புடவை இல்லை. கிழிக்கச் சொன்னோம், அதற்கும் இணங்கவில்லை. சோகமாக நிற்கவாவது சொன்னோம்.

"எதுக்குங்க சோகமா நிக்கணும்? இந்த வருசம் மல்லாட்டை நல்லா வந்திருக்குது. மாடு ரெண்டும் நல்லாருக்குது. சிரிச்சா படத்துல உழுவாதா?"

இத்தகைய இடையூறுகள் பெரிய இயக்குநர்களுக்கெல்லாம் நேர்ந்திருக்கின்றன. தலைவர் தளரவில்லை. முகத்தில் துயரம் இல்லாவிட்டால் முதுகில் இருக்கும் என்று கண்டுபிடித்தார். மணியம்மாள் இடுப்பில் குடத்தோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டி, களத்துமேட்டிலிருந்து தொலைவிலுள்ள பனைமரம் வரை மெல்ல நடந்துபோக வேண்டும். வெட்டில்லாத ஒரே ஷாட். ஒரு சுருள் முழுதும் அதற்கே. குடத்தில் தண்ணீர் தளும்ப இருக்க வேண்டும், காலிக்குடம் என்றால் நடையில் பொய் வந்துவிடும். கடைசியாக ஒரு கட்டளை: என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"கேமராவப் பாத்தாதான தப்பு? சும்மா திரும்பினாக் கூடவா?" என்று கேட்டார்.

"எதுக்குமே திரும்பக் கூடாதும்மா. நீங்க திரும்பினீங்கன்னா படமே போச்சு."

சரி என்று தலையாட்டினார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றும் மனுஷி.

எல்லாம் தயார். ஆனால் தலைவர் ஆகாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மேல்நாட்டின் உயர்ந்த படங்களில் எல்லாம் பனிமூட்டம் இருக்கும். அதற்குள்தான் மனிதர்கள் நடந்து மறைவார்கள். பனிமூட்டமில்லாமல் தத்துவம் தோன்றாது. எங்களுக்கோ மாசி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கலைக்கு எதிரான இந்தச் சதியை முறியடிக்க, ஓர் ஓட்டைச் சட்டியில் நெருப்பு போட்டு, அதன்மேல் ஈர வைக்கோலைப் போட்டுப் புகை கிளப்பலாம் என்றார். வைக்கோலை மணியம்மாளே அள்ளிக் கொடுத்தார். போருக்குப் பக்கத்தில் வேண்டாமே, காற்று ஒரு நேரம்போல இருக்காதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காற்றின் திசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது என்று தலைவர் உறுதியளித்தார். காற்றுக்கு இது தெரிவிக்கப்படவில்லை.

தருமன் கேமராவை முக்காலியில் வைத்து, பழக்கத்தில், "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். முதுகுக்கு மோவாய் இல்லை என்பது அவருக்கு நினைவூட்டப்பட்டது. கேமராமேல் வெயில் படாமல் குடை பிடிப்பது என் வேலை. தலைவர் கையைத் தட்டினார். மணியம்மாள் நடந்தார்.

உள்ளபடியே அழகாக நடந்தார். புகை அவருக்குப் பின்னால் தரையோடு தவழ்ந்தது. தலைவர் பரவசத்தில் கேமராவுக்கு முன்னால் வந்து ஃபிரேமின் ஓரத்தில் நின்றுவிட்டதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. அப்போதுதான் சட்டியிலிருந்து ஒரு பொறி எழும்பியது. போரின் அடியில், ஓர் ஆள் காலால் மிதித்து அணைத்துவிடக் கூடிய அளவுக்கு, ஒரு சின்ன ஜுவாலை எட்டிப் பார்த்தது.

"சார், போர் பத்திக்கிச்சு" என்றார் தருமன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுது. நிறுத்தாதீங்க."

நான் மணியம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தலைவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். "கூப்பிடாதீங்க. அவங்க திரும்பினா ஷாட் போயிடும்."

மூடிக்கொண்டேன். கழகத்தின் கட்டுப்பாடு அவ்வளவு உயர்ந்தது. தலைவர் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, தீ மேலே ஏறுவதைப் பார்த்தபடி நின்றார். தருமன் கை நடுங்கவில்லை. என் குடை அசையவில்லை. மணியம்மாளுக்குப் புகை வாசனை வந்திருக்க வேண்டும். ஆனால் புகை வரும் என்றுதான் நாங்களே சொல்லியிருந்தோமே. இடுப்பில் தளும்பும் குடத்தோடு, வாக்குத் தவறாமல், அவர் பனைமரத்தை நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தார்.

கொட்டகையில் மாடுகள் கத்தவும்தான் திரும்பினார்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வயலிலிருந்து பரசுராமன் ஓடிவந்தார். அக்கம்பக்கத்து நிலங்களிலிருந்து ஆட்கள் வந்து கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொட்டகையைக் காப்பாற்றினார்கள். நாங்களும் முக்காலியைக் காப்பாற்றினோம். போர் முழுதும் போய்விட்டது. மணியம்மாள் கரிந்த தரையருகே உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றி வெறித்துப் பார்த்தார். நாங்கள் அத்தனை நாளாகக் கேட்டுக் கிடைக்காத முகம் அது. அந்தோ, சுருள் தீர்ந்துவிட்டது. உலக சினிமாவுக்கு அன்று ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய இயலாது.

எப்படிப் பற்றியது என்று பரசுராமன் கேட்டார். திடீரென்று குப்பென்று பிடித்துக்கொண்டது, நாங்கள் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தலைவர் தழுதழுத்தார். அவர் மூக்கில் கரி படிந்திருந்ததைப் பார்த்த மணியம்மாள், அணைக்கப் போய்ப் புகையைக் குடித்துவிட்டாரே என்று வருந்தி மோர் கொடுக்கச் சொன்னார். குடித்தோம்.

சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவப்பட்டு வந்தது. சத்திரத்தில் முதல் திரையிடல். கதாநாயகி என்ற முறையில் மணியம்மாளுக்கும், கதாநாயகியின் கணவர் என்ற முறையில் பரசுராமனுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடப்பட்டது. மணியம்மாள் அந்தப் பட்டுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

படம் ஓடியது. விளக்கு போட்டதும் சபை சற்று நேரம் மோவாயைத் தடவியது. பிறகு கலந்துரையாடல். தீ என்பது உழைக்கும் வர்க்கத்தின் அடக்கப்பட்ட கோபம் என்றார் ஒருவர். காமம் என்றார் அப்பாதுரை. தீயிடமிருந்து தண்ணீர் விலகிப் போகும் அந்த முரண்தான் படத்தின் உயிர் என்று தலைவர் அடக்கமாக எடுத்துக் காட்டினார். அப்போது முன்வரிசையிலிருந்து, இன்னொரு தடவை போட முடியுமா என்று மணியம்மாள் கேட்டார். சபை நெகிழ்ந்தது. பாமர ரசிகையும் உயர்ந்த சினிமாவால் தீண்டப்பட்டுவிட்டாள் என்று என் அருகிலிருந்தவர் என் கையை அழுத்தினார்.

மறுபடியும் ஓடியது. ஜுவாலை எட்டிப் பார்க்கும் இடத்தில் மணியம்மாள் முன்னால் சாய்ந்தார். முடியும்வரை அப்படியே இருந்தார். விளக்கு வந்ததும் எழுந்து நின்றார்.

"எங் கொடத்துல தண்ணி இருந்துச்சு" என்றார். சத்தம் போடவில்லை. "நான் நடந்துகினே இருக்கறேன். ஒருத்தரும் கூப்புடல."

அவர் திரையின் ஓரத்தைக் கையால் காட்டினார்.

"அங்க நிக்கறது யாரு?"

தலைவர் எழுந்தார். எந்தச் சிக்கலையும் கோட்பாடாக மாற்றும் அவரது ஆற்றலை அன்று நேரில் கண்டேன். "அது தனி மனுஷன் இல்லம்மா. அது இந்தக் காலத்து மனிதன். எதையும் தடுக்க முடியாம நிக்கறான். அவனோட கையறு நிலைதான் இந்தப் படம்."

"கையறு நிலையா?" மணியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு கையும் நல்லாத்தான இருக்குது. கட்டிக்கினு நிக்கறீங்க."

பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, மாட்டுக்கு ஒரு வண்டி வைக்கோலாவது கழகத்தார் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மணியம்மாள் படியிறங்கியதால், அவரும் இறங்கினார்.

கேள்வி முறையாக ஆராயப்பட்டது. வைக்கோல் கொள்முதல் கழகத்தின் நோக்கங்களுக்குள் அடங்காது என்று தெரியவந்தது. எனினும் எங்களுக்கும் ஈரமுண்டு. மறைந்த வைக்கோற்போருக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். மறைவால் வாடும் இரு மாடுகளுக்கும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். ஆயினும் சித்திரை வெயிலில் அனுதாபம் மட்டும் தின்று ஜோடி மாடு பிழைக்காது போலும். ஒன்றைச் சந்தையில் விற்றுவிட்டதாகவும், அந்த ஆண்டு பரசுராமன் ஒற்றை மாட்டோடு உழவுக்கு அண்டை நிலத்தாரிடம் இன்னொன்று இரவல் கேட்டு அலைந்ததாகவும் கேள்விப்பட்டேன். மணியம்மாள் அதன்பின் எந்த டூரிங் டாக்கீஸுக்கும் வண்டி கட்டவில்லையாம். அழுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று சொன்னாராம்.

'பாழ்வெளி' சென்னையில் நடந்த ஒரு குறும்படப் போட்டிக்குப் போயிற்று. சிறந்த படம் என்ற விருது வேறு யாருக்கோ கிடைத்தது. அதில் நிஜமாகவே பனி பெய்ததாம். ஆனால் சிறந்த நடிகர் விருது எங்களுக்குத்தான். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு. சகாதேவன் மாலையும் சால்வையுமாக மேடையில் நிற்க, நடுவர் குழுவின் பாராட்டுரையை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: "கண்ணெதிரே ஒரு குடும்பத்தின் உடைமை எரிந்துகொண்டிருக்க, முகத்தில் இரக்கத்தின் ஒரு கோடுகூட விழாமல் இந்தக் கலைஞர் கடைசிவரை நிற்கிறார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் இது நடிப்பு என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

நான் அவர் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றவன். எத்தனையோ விமரிசகர்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாகப் படம் பார்த்தவர்களை நான் கண்டதில்லை. அது நடிப்பே அல்ல.